நான் கீழே பார்த்தேன்

எங்கள் பங்குக் கோயிலில் தவக்காலத்தில் மூன்று நாள் தியானம் நடக்கும். கடைசி நாளில் யாரையாவது மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பார்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்த நாள்முதல் வருஷம் தவறாமல் என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் வருஷம் தவறாமல் மறுக்கிறேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கத்தித் தொண்டையைத் தீர்த்தவளுக்கு மேடையில் என்ன வெட்கம்? அவர்கள் எதிர்பார்க்கும் கதை பொய். அதனால்தான் மறுக்கிறேன்.

கதை இதுதான். செலின் டீச்சர் சாகக் கிடந்தார். மகன் சாவதற்குக் காரணமான நாத்தனாரை, சாமியார் கேட்டதும் கண்ணை மூடி மன்னித்தார். அன்றிலிருந்து உடம்பு தேறியது. இது பழனி வரைக்கும் போயிருக்கிறது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஆயக்குடிக்காரம்மா ஒருவர், பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாமல், என் கதையை என்னிடமே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ரசத்துக்கு இலையை வழித்துக்கொண்டிருந்தேன். 

ஆகவே நடந்ததை எழுதிவைக்கிறேன். பிறகாவது என்னைக் கூப்பிடாமல் விட்டால் சரி.

என் மகன் பெயர் அருள். ஒரே பிள்ளை. ஒன்பது வயதில் கோடை விடுமுறைக்கு அகரத்தில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனான். அத்தை என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை பிலோமினா. நாலைந்து மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, அருள் மேல் உயிரையே வைத்திருந்தாள். தொழுவத்துக்குள் வந்த ஒரு நாய்க்குட்டியை இவன் தூக்கப்போக, அது கெண்டைக்காலில் கடித்துவிட்டது. இரண்டு பல் பதிந்த தடம்தான். அந்தக் காலத்தில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, நாளுக்கு ஒன்று. அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான். அவளும் சொல்லவில்லை. கடிவாயில் சுண்ணாம்பைத் தடவி, விஷக்கடிக்குப் பச்சிலை கொடுக்கும் ஆளிடம் கூட்டிப்போய், உப்பில்லாப் பத்தியம் இருக்கவைத்து, பள்ளிக்கூடம் திறந்ததும் அனுப்பிவைத்தாள்.

ஆடி மாதம் காய்ச்சல் வந்தது. பிறகு தண்ணீர் டம்ளரைப் பார்த்தாலே தொண்டை இழுத்துக்கொண்டது. டாக்டர் காலைத் தடவிப் பார்த்துக் கேட்ட பிறகுதான் அவன் நாய்க்குட்டியைப் பற்றிச் சொன்னான். அந்த நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு வைத்தியம் கிடையாது. மூன்று நாள் இருந்தான். அந்த மூன்று நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அத்தையை மன்னித்துவிடு அம்மா என்றெல்லாம் அவன் சொல்லவில்லை. தியானத்தில் பிரசங்கிகள் சொல்லும் கதைகளில் பிள்ளைகள் அப்படிச் சொல்லிவிட்டுச் சாவார்கள். என் பிள்ளை பயந்து செத்தான்.

எங்களில் பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும், வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி மண் போடுவார்கள். பெற்றவர்கள் போட்டபின் ரத்த சொந்தம் போடவேண்டும். பிலோமி குனிந்து மண்ணை அள்ளினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து உதறினேன். “நீ போடாத” என்றேன். மண் அவள் சேலையில் கொட்டியது.  பின்னால் போய்க் கல்லறைத் தோட்டச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வீட்டு வாசலில் வந்து நின்று ஏதோ சொல்லப் பார்த்தாள். அகரத்தில் ஒருவருக்கு அந்த ஊசி போட்டுக் காலிரண்டும் விழுந்துவிட்டதாம், அதைக் கண்ணால் பார்த்த பயத்தில்தான் அப்படிச் செய்துவிட்டாளாம். ஊசி போட்டு எவனுக்குக் கால் விழும், கொன்றது போதாதென்று பொய் வேறா என்று தெரு கேட்கக் கத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். பிறகு ஆறு வருஷம் அவள் முகத்தைப் பார்த்து நான் பேசவில்லை.

இந்த ஆறு வருஷமும் நான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுபது தடவை ஏழு தடவை மன்னிக்க வேண்டும் என்று கரும்பலகையில் பெருக்கிக் காட்டியவள் நான். வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது, பிறர் செய்த தீமையை நாங்கள் பொறுப்பது போல என்கிற இடம் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்து அந்த வரியைத் தனியாகச் சொல்வார். பொய் சொல்லி ஜெபிப்பதற்குச் சும்மா இருப்பது மேல் என்று எனக்கு நானே நியாயம் வைத்திருந்தேன். பூசையில் நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்குவதையும் விட்டுவிட்டேன். எல்லாரும் வரிசையில் போகும்போது நான் மட்டும் தூணோரம் உட்கார்ந்திருப்பேன். ஊர் பார்த்தது. யாரும் கேட்கவில்லை.

ஆறாம் வருஷம் மழைக்காலத்தில், பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு தெருநாய் என் கணுக்காலைக் கவ்வியது. நான் ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றேன். பதினாலு நாளும் ஒரு நாள் விடாமல் போனேன். வயிறு தடித்து வீங்கிக் குனிய முடியாமல் போனது. ஒவ்வொரு ஊசிக்கும், இது அவனுக்குப் போட்டிருக்க வேண்டியது என்று நினைத்துக்கொள்வேன். பிலோமி வந்து இதைப் பார்க்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். எனக்கு நெஞ்சில் அவ்வளவு விஷம் இருந்தது.

கடைசி ஊசி போட்ட நாலாம் நாள் பாதம் மரத்தது. மறுநாள் படியேற முழங்கால் மடங்கியது. ஆட்டோவில் என்னைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, மடியிலிருந்த சீட்டு நழுவி விழுந்தது. எடுக்கக் கையை நீட்டினேன், விரல் மூடவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

முட்டியை வயிற்றோடு ஒட்டவைத்துச் சுருட்டிப் படுக்கப்போட்டு, முதுகெலும்பின் இடையில் ஊசி செருகித் தண்டுவட நீரை எடுத்தார்கள். நோயின் பெயரை ஜி.பி.எஸ். என்று மூன்றெழுத்தில் சொன்னார்கள். டாக்டர் பொறுமையானவர், புரியும்படி விளக்கினார். கரண்டு வயருக்கு மேல் ரப்பர் உறை இருப்பது போல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. வெளிக்கிருமியோடு சண்டை போடவேண்டிய உடம்பின் சக்தி, ஆள் மாறி அந்த உறையை அரிக்கத் தொடங்கிவிடுகிறது. காலில் தொடங்கி மேலே ஏறும். நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு நிற்கும். கொஞ்ச நாளில் தானாக இறங்கும், அதுவரை ஆளை உயிரோடு வைத்திருப்பதுதான் வைத்தியம். எதனால் வந்தது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நாய்க்கடி ஊசியால் இருக்கலாம் என்றார் டாக்டர். அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்துச் செய்யும் பழைய மருந்தாம், எங்கோ ஒருவருக்கு இப்படி ஆகிவிடுமாம். அதற்காக ஊசியைக் குறை சொல்லாதீர்கள், போடாமல் வரும் சாவுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை என்றும் சொன்னார். அது எனக்குத் தெரியாதா?

இப்போது அந்தப் பழைய ஊசியை நிறுத்திவிட்டார்கள், கையில் போடும் ஊசி வந்துவிட்டது. இதைப் படிப்பவர்கள் யாரும் பயந்துகொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். கடித்தால் அன்றைக்கே ஓடுங்கள்.

ஆனால் அன்று அந்தப் படுக்கையில் என் மனதில் ஓடியது ஒன்றுதான். பிலோமி சொன்னது பொய் இல்லை.

அப்படித் தெரிந்ததும் மனம் இளகியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அவள் சொன்னது உண்மையாகிப்போனதே என்று இன்னும் எரிந்தது. என் காலும் விழுந்தது, ஆனால் நான் உயிரோடு இருக்கிறேன், என் பிள்ளையும் இப்படியாவது உயிரோடு இருந்திருப்பானே என்றுதான் நினைத்தேன்.

நாலாம் நாள் மூச்சு இறங்கியது. தொண்டைக்குள் குழாய் விட்டார்கள், குரல் போனது. அந்த ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷின் ஒன்றே ஒன்று. அதில் ஏற்கெனவே பூச்சிமருந்து குடித்த ஒரு வாலிபன் கிடந்தான். அவன் இறங்கும்வரை என் குழாயில் ஒரு ரப்பர் பையை மாட்டினார்கள். அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். யாராவது ஒருவர் தலைமாட்டில் நின்று அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டு ஆட்கள்தான் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். என் வீட்டுக்காரர் அமுக்கினார், என் பள்ளிக்கூட டீச்சர்கள் அமுக்கினார்கள். கால் மணி நேரத்தில் எல்லாருக்கும் கை கடுத்துவிடும். அளவு தப்பும். யாராவது ஏதாவது கேட்டால் திரும்பிப் பார்ப்பார்கள், அந்த ஒரு அமுக்கு விடுபடும். கிணற்றுக்குள் முக்கி எடுத்தது போல இருக்கும். கத்த முடியாது. கண்ணீரைத் துடைக்கவும் முடியாது.

என் முகமும் விழுந்துவிட்டது. இமையை இழுத்து மூட வலு இல்லை, கண்விழி மட்டும்தான் அசையும். பேகம்பூர்க்காரி ராபியா என்று ஒரு நர்ஸ், என்னிடம் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆமாம் என்றால் மேலே பார்க்க வேண்டும், இல்லை என்றால் கீழே பார்க்க வேண்டும். யார் பை அமுக்க வந்தாலும் அவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவாள். வலிக்கிறதா, திருப்பிப் படுக்கவைக்கவா, சளி எடுக்கவா என்று எல்லாவற்றுக்கும் மேலே, கீழே.

பை மாட்டிய இரண்டாம் நாள் காலையில் அமுக்கும் அளவு திடீரென்று மாறியது. ஒவ்வொரு அமுக்கும் ஒரே மாதிரி, அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, கை சலிக்கவில்லை. உடம்பெல்லாம் தளர்ந்து, ஆஸ்பத்திரிக்கு வந்தபின் முதல் தடவையாக நான் தூங்கினேன். விழித்தபோது தலைக்கு மேல் தலைகீழாக ஒரு முகம் தெரிந்தது. பிலோமி. மாடு கறந்த கை அது. காலைப் பாலைக் கறந்து ஊற்றிவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.

அவளுக்கு முன்னால் தூங்கிப்போனேனே என்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

“தண்ணி வச்சு ஒதட்ட நனைக்கவா மதினி?” என்று கேட்டாள். கீழே பார்த்தேன். “இந்தப் பக்கம் திருப்பவா?” கீழே பார்த்தேன். எதைக் கேட்டாலும் கீழே பார்த்தேன். அவள் கேட்பதை நிறுத்திவிட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். ஊசி விஷயத்தை எடுப்பாள், நான் அப்பவே சொன்னேனே என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அன்று மதியம் நாடி விழுந்தது. பிழைக்கமாட்டேன் என்று முடிவு கட்டி, அவஸ்தை பூசச் சாமியாரை அழைத்துவந்தார்கள். சாவு நெருங்கியவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பதுதான் அவஸ்தை பூசுதல். எங்கள் பங்குச் சாமியார் வயதானவர், மனதில் பட்டதை நேரே பேசுபவர். ராபியாவுக்கு அப்போது டியூட்டி முடிந்திருந்தது. என் வீட்டுக்காரர் சாமியாருக்குப் பின்னால் தலையைக் கவிழ்த்து நின்றார். தலைமாட்டில் பையோடு பிலோமி.

சாமியார் என் காதருகே குனிந்தார். பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய உனக்கு வாய் இல்லை, ஆண்டவருக்குத் தெரியும் என்றார். பிறகு நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி, “ஒன்னே ஒன்னு கேக்குறேன் செலின். ஒன் நாத்தனாள மனசார மன்னிச்சிட்டியா? மன்னிச்சிருந்தா கண்ண மூடும்மா” என்றார்.

எனக்குச் சாகும் பயம் இருந்தது. நரகப் பயமும் இருந்தது, நான் பிள்ளைகளுக்கு அதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் அருளின் தொண்டை இழுத்தது கண்ணுக்குள் நின்றது. ஆண்டவரிடம் போகும்போதும் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். முழு பலத்தோடு கீழே பார்த்தேன்.

விழி கீழே போனால் இமையும் கூடவே இறங்கும். கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள், தெரியும். சாமியாருக்கு ராபியாவின் பாஷை தெரியாது. இமை இறங்கியதைப் பார்த்தார்.

“மூடிட்டா” என்றார். குரல் உடைந்துவிட்டது. “ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், மன்னிச்சிட்டா.”

என் வீட்டுக்காரர் வாய்விட்டு அழுதார். கதவருகே நின்ற டீச்சர்கள் அழுதார்கள். நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார்கள். நான் விடாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது புரிந்துகொள்ளமாட்டார்களா என்று. பை மட்டும் அதே அளவில் அமுங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மெஷினில் இருந்த வாலிபன் இறந்துபோனான். வெளியே அவன் தாய் அலறிய சத்தத்தில்தான் என்னை மெஷினில் மாட்டினார்கள். யாரோ ஒருத்தி பிள்ளையைப் பறிகொடுத்ததால் எனக்கு மூச்சு கிடைத்தது. அந்தத் தாயின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இன்றும் அவளுக்காக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்கிறேன்.

மெஷினில் ஐந்து வாரம். கழுத்தில் துளையிட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். கூரையில் இருந்த நீர்க்கறையும் மின்விசிறியும் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. வைத்தியச் செலவில் நகையெல்லாம் போனது, என் வீட்டுக்காரர் அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. பிலோமி தினமும் வந்தாள். என் மலத்தை எடுத்தாள், டெட்டால் தண்ணீரில் உடம்பைத் துடைத்தாள், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொருதரம் புரட்டினாள், சிக்குப் பிடித்த தலையைப் பொறுமையாகப் பிரித்துப் பின்னிவிட்டாள். அந்த நோயில் அசைவுதான் போகும், உணர்ச்சி போகாது. அவள் கை பட்ட இடமெல்லாம் எனக்குத் தீயாக எரிந்தது. வருகிறவர்கள் எங்கள் இருவரையும் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள்.

மன்னிக்காமலேதான் நான் பிழைத்தேன். நாலாவது வாரம் கட்டைவிரல் அசைந்தது, அப்புறம் மெல்ல மெல்ல மூச்சு, அப்புறம் உட்காருதல். நரம்பு தன் உறையைத் தானே நெய்துகொண்டது. அதற்கும் என் மனதுக்கும் சம்பந்தமில்லை. ஆண்டவர் மன்னிப்பை வாங்கிக்கொண்டு சுகத்தை விற்பவர் இல்லை என்பதை அங்கேதான் படித்தேன்.

வீட்டுக்கு வந்தபின்னும் பிலோமி வந்தாள். பாலைக் கொடுத்துவிட்டு, என் காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவாள். கழுத்துத் துளை மூடிக் கரகரவென்று குரல் திரும்பியிருந்தது. ஆனால் அவளிடம் பேச்சில்லை. இவள் எதற்கு வருகிறாள்? மன்னித்துவிட்டேன் என்று நம்பித்தானே வருகிறாள்? பொய்க்குக் கூலியாக ஊழியம் வாங்குகிறேனே என்று உறுத்தியது. சொன்னால் வரமாட்டாள். அவள் வராவிட்டால் நான் எழுந்து நடக்கமாட்டேன். உண்மையைச் சொல்லுகிறேன், இரண்டு மாதம் அந்தப் பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் என் பாதத்தை மடியில் வைத்து அவள் எண்ணெய் தேய்க்கும்போது சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சாமியார் கேட்டபோது நான் மன்னிக்கவில்லை என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. “தெரியும் மதினி. கீழதான பாத்தீங்க.”

 ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சாமியார் சந்தோஷமாக இருந்தார், அண்ணன் அழுதுகொண்டிருந்தது, எதற்குச் சொல்ல வேண்டும் என்றாள். தெரிந்தும் எப்படி அமுக்கினாய் என்று கேட்டேன்.

“நீங்க மன்னிப்பீங்கன்னு நான் வரல. மூச்சு வேணும்ல, அதுக்கு வந்தேன்.”

ஊசி விஷயத்தில் அவள் சொன்னது பொய் இல்லை, நான்தான் தெருவில் வைத்து அவமானப்படுத்திவிட்டேன் என்றேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். “பொய் சொல்லல மதினி. ஆனா சொல்லாம இருந்தேன்ல. அன்னைக்கே ஒங்ககிட்ட ஓடியாந்திருந்தா பிள்ள இருந்திருப்பான். நெதமும் அத நெனச்சுத்தான் எந்திரிக்கேன்.” பாதத்தைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் வழக்கம்போலப் பாலோடு வந்தாள்.

அன்றைக்கு நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மன்னிப்பு ஒரு நாளில் முடிகிற காரியமாக எனக்கு வாய்க்கவில்லை. காலையில் மன்னிப்பேன், மாலையில் அவனோடு படித்த பையன் யாராவது அரும்புமீசையோடு சைக்கிளில் போவதைப் பார்த்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். எழுபது தடவை ஏழு தடவை என்பது வேறு வேறு குற்றங்களுக்கு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். ஒரே குற்றத்தைத்தான் அத்தனை தடவை மன்னிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு, கம்பை ஊன்றிக்கொண்டு நான் நடந்து போனேன். வருஷா வருஷம் நாங்கள் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த மறுநாள்தான் பிலோமி தனியாகப் போவாள் என்று எனக்குத் தெரியும். அந்த முறை வா என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். வந்தாள். அடக்கத்தன்று நின்றது போலவே சுவரோரம் ஒதுங்கி நின்றாள். மழை பெய்து அருளின் கல்லறை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் மண்வெட்டியால் புது மண்ணைக் கொண்டுவந்து குவித்தார். நான் குனிந்து ஒரு பிடி எடுக்கப் பார்த்தேன். என் விரல்கள் இன்றுவரை முழுதாக மூடுவதில்லை. எடுத்த மண்ணெல்லாம் இடுக்கு வழியே கொட்டியது.

பிலோமி ஓடிவந்து என் தோளைத் தாங்கினாள். என் வெறுங்கையைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள்.

“நான் போடவா மதினி?”

சொல்ல வாயெடுத்தேன். குழாய் போட்ட நாளைப் போலக் குரலே வரவில்லை. அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் மேலே பார்த்தேன். அவள் குனிந்து மண்ணை அள்ளினாள்.